பீர் ஃப்ரீசருக்குள் தண்ணீர் தேங்குவது ஏன்? பனிமூட்டத்தில் விடை கண்டுபிடித்த வில்லிஸ் கேரியரின் கதை

அமெரிக்காவில் வீட்டிலேயே பீர் தயாரிப்பவர்கள் ஒரு வேலை செய்வார்கள். மேல்மூடி வைத்த பெட்டி ஃப்ரீசரை வாங்கி, தெர்மோஸ்டாட் மாட்டி, 3, 4 டிகிரியில் நிறுத்தி, உள்ளே பீர் கெக்குகளை இறக்கிவிடுவார்கள். பீர் ஜில்லென்று வரும். கூடவே தண்ணீரும் வரும். சுவரெல்லாம் வியர்த்து, அடியில் குட்டையாகத் தேங்கி, கொஞ்ச நாளில் பூஞ்சை பிடித்துவிடும்.

இந்த ஈரத்தோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டியவர் வில்லிஸ் கேரியர். ஆமாம், ஏசி பெட்டியில் பார்க்கிற அதே கேரியர்தான். ஆனால், அவரது முதல் ஏசி மனுஷங்களுக்காக உருவானதே இல்லை. காகிதத்துக்காக!

1876-ல் நியூயார்க் மாகாணத்தில் ஆங்கோலா என்ற ஊரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பின்னக் கணக்கு மண்டையில் ஏறாத சிறுவனுக்கு, அம்மா ஆப்பிளைத் துண்டு போட்டுப் புரிய வைத்தார். கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1901-ல் இன்ஜினீயரிங் முடித்துவிட்டு, பஃபலோ ஃபோர்ஜ் நிறுவனத்தில் சேர்ந்தபோது சம்பளம் வாரத்துக்கு 10 டாலர்.

அடுத்த வருஷமே புரூக்ளினில் இருந்த ஓர் அச்சகத்தின் சிக்கல் அவர் மேஜைக்கு வந்தது. கலர் பிரின்டிங்கில் ஒரே தாள் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒருமுறை மெஷினுக்குள் போய் வர வேண்டும். கோடை ஈரத்தில் தாள் லேசாக விரிந்துவிட, ஒரு நிறம் இன்னொன்றோடு பொருந்தாமல் தள்ளி விழுந்தது. குளிர்ந்த நீர் ஓடும் குழாய்ச் சுருள்கள் மீது காற்றைச் செலுத்தி, அதிலிருக்கும் ஈரத்தைப் பிரித்தெடுக்கும் அமைப்பை கேரியர் வரைந்தார். இலக்கு 55 சதவீத ஈரப்பதம். வரைபடத்தில் இருக்கும் தேதி 1902 ஜூலை 17. அப்போது அவருக்கு வயது 25.

அதே வருஷக் கடைசியில் பிட்ஸ்பர்க் ரயில் நிலையம். பிளாட்பாரமே தெரியாத பனிமூட்டம். ரயிலுக்காக நின்றவருக்கு ஒன்று உறைத்தது. பனிமூட்டம் என்பது, இதற்கு மேல் ஈரம் தாங்காது என்ற நிலைக்கு வந்துவிட்ட காற்று. சில்லென்ற காற்று கொஞ்சம் ஈரத்தைத்தான் தாங்கும். அப்படியானால் குளிர்ந்த நீரைத் தெளித்து செயற்கையாக மூட்டத்தை உருவாக்கி, அதன் வெப்பநிலையை நம் கையில் வைத்துக்கொண்டால், காற்றில் எவ்வளவு ஈரம் மிஞ்ச வேண்டும் என்பதையும் நாமே முடிவு செய்யலாம். தண்ணீரைத் தெளித்தே காற்றை உலர்த்துவது! கேட்க வினோதமாக இருந்தாலும், 1906-ல் இதற்கு பேட்டன்ட் கிடைத்தது. 1911-ல் அந்தக் கணக்குகளைச் சூத்திரங்களாக்கி அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினீயர்கள் முன்பு வைத்தார்.

உலகப்போர் தொடங்கிய நேரம். நிறுவனம் செலவைக் குறைக்க, இந்தப் பிரிவைக் கைவிட்டது. நம்ம ஆட்கள் பலர் வேறு வேலை தேடியிருப்பார்கள். கேரியரோ 6 இன்ஜினீயர்களோடு சேர்ந்து 32,600 டாலர் திரட்டி, 1915-ல் சொந்த கம்பெனி தொடங்கினார். 10 வருஷம் கழித்து நியூயார்க் ரிவோலி தியேட்டரில் அவரது குளிரூட்டும் இயந்திரம் ஓடியது. முதல் நாள் ஏசி வேலை செய்யத் தாமதமாக, விசிறியோடு உட்கார்ந்திருந்த கூட்டம் மெல்ல மெல்ல வீசுவதை நிறுத்தியது. 1950-ல் கேரியர் இறந்தார்.

சரி, பீர் ஃப்ரீசருக்கு வருவோம். 30 டிகிரி வெப்பம், 70 சதவீத ஈரப்பதம் இருக்கும் அறையில், சுமார் 24 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பரப்பிலும் நீர் படியும். ஃப்ரீசர் சுவரோ அதைவிட 20 டிகிரி குளிர்ச்சி. மூடியைத் திறக்கும்போதெல்லாம் புது ஈரம் உள்ளே போகும். அதனால் முதல் வேலை, மூடியின் ரப்பரில் இடுக்கு இருந்தால் அடைப்பது. அடுத்து, ஒரே மூலையில் ஈரம் தங்காமல் இருக்க குட்டி ஃபேன். ஃபேன் ஈரத்தை எடுக்காது, சுற்றிவிடும் அவ்வளவுதான். எடுப்பதற்கு சிலிக்கா ஜெல் டப்பா. அதன் நிறம் மாறியதும் ஓவனில் காயவைத்து மறுபடி உள்ளே வைத்துவிடலாம்.