‘கடைசி உரை’க்கு முன்னால் ரேண்டி பவுஷ் என்ன செய்தார்? கோடிங் பயத்தைக் குறைத்த பேராசிரியரின் கதை

இன்னும் சில மாதங்கள்தான் ஆரோக்கியமாக இருக்க முடியும் என்று டாக்டர்கள் சொன்ன பிறகு, மேடை ஏறி புஷ்-அப் எடுத்துக் காட்டிய பேராசிரியரின் வீடியோவை நீங்களும் பார்த்திருக்கலாம். அவர்தான் ரேண்டி பவுஷ். 2007 செப்டம்பர் 18 அன்று அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றிய அந்த உரை, கோடிக்கணக்கான பார்வைகளைத் தாண்டிவிட்டது. ஆனால், அதற்கு முந்தைய 20 ஆண்டுகள் அவர் செய்த வேலை பலருக்கும் தெரியாது.

கதவைச் சாத்திய இரண்டு இடங்கள்

1960-ல் பால்டிமோரில் பிறந்தவர். 1982-ல் பிரவுன் பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்தார். பிஎச்டி படிக்க விண்ணப்பித்தபோது கார்னகி மெலன் முதலில் நிராகரித்தது. பிரவுனில் அவருடைய பேராசிரியர் ஆண்டி வான் டாம் போன் போட்டுப் பேசிய பிறகே இடம் கிடைத்தது. 1988-ல் பிஎச்டி முடித்து டிஸ்னியில் வேலை கேட்டார். அங்கேயும் ‘நோ’தான்!

வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார். வெர்ச்சுவல் ரியாலிட்டி என்றாலே லட்சக்கணக்கான டாலர் செலவாகும் காலம் அது. பவுஷ் குழு, நின்டெண்டோ வீடியோ கேமுக்காக விற்ற ‘பவர் க்ளவ்’ கையுறை போன்ற கடைச் சரக்குகளை வைத்து, சுமார் 5,000 டாலரில் ஒரு சிஸ்டத்தை உருவாக்கி 1991-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டது. 1995-ல், முன்பு நிராகரித்த அதே டிஸ்னியில், அலாவுதீன் வெர்ச்சுவல் ரியாலிட்டி திட்டத்தில் வேலை பார்த்தார்.

தப்பு யார் மேல?

அவருடைய பெரிய பங்களிப்பு ‘ஆலிஸ்’ என்ற சாஃப்ட்வேர். கோடிங் தெரியாதவர்களும் 3டி உலகங்களை உருவாக்க உதவுவது. புதியவர்களை இதில் உட்கார வைத்து, எங்கே தடுமாறுகிறார்கள் என்று குழு கவனித்தது. எக்ஸ், ஒய், இசட் அச்சுகள் குழப்பின. அதற்குப் பதிலாக ‘முன்னே’, ‘பின்னே’, ‘இடது’, ‘வலது’ என்று கட்டளைகளை மாற்றினார்கள். ஆலிஸ் அப்போது பயன்படுத்திய பைத்தான் மொழியில் ஒன்றை இரண்டால் வகுத்தால் அரைக்குப் பதில் பூஜ்யம் வந்தது. புரோகிராமர்களுக்கு அது பழகிப்போன விஷயம். புதியவர்களுக்கோ வெறும் தப்பு. சாதா எழுத்துக்கும் கேபிடல் எழுத்துக்கும் வித்தியாசம் பார்ப்பதும் அப்படித்தான்.

பயனர் தடுமாறினால் பயனரை முட்டாள் என்று நினைக்காதே, கருவியை மாற்று. மனித-கணினி ஊடாட்டம் என்ற துறையின் அடிப்படையே இதுதான். அதை கோடிங் வகுப்புக்குள் கொண்டுவந்ததுதான் பவுஷ் குழு செய்த வேலை.

பிறகு வந்த ஆலிஸில் கோட் டைப் செய்யவே வேண்டாம். கட்டளைகளை மவுஸால் இழுத்துப் போட்டால் போதும். செமிகோலன் விட்டுப்போச்சே என்ற கவலை இல்லை. அவரிடம் பிஎச்டி செய்த கெய்ட்லின் கெல்லஹர், மாணவிகள் கதை சொல்லிக்கொண்டே கோடிங் கற்கும் ‘ஸ்டோரிடெல்லிங் ஆலிஸ்’ உருவாக்கினார். கதை எடுக்கிறோம் என்று மாணவர் நினைப்பார். உள்ளே லூப்பும் ஃபங்ஷனும் படித்து முடித்திருப்பார்.

ஓவியரும் புரோகிராமரும் ஒரே டீம்

1997-ல் கார்னகி மெலனுக்கே பேராசிரியராகத் திரும்பினார். அங்கே மெய்நிகர் உலகங்களைக் கட்டும் வகுப்பு ஒன்றைத் தொடங்கினார். பல துறை மாணவர்கள், சிறு குழுக்கள், சுமார் இரண்டு வாரத்தில் ஒரு உலகம். அடுத்த உலகத்துக்கு டீம் மாறிவிடும். துப்பாக்கிச் சண்டைக்கும் ஆபாசத்துக்கும் தடை. பிறகு நாடகத் துறைப் பேராசிரியர் டான் மரினெல்லியுடன் சேர்ந்து ‘என்டர்டெயின்மென்ட் டெக்னாலஜி சென்டர்’ என்ற மையத்தையும் நிறுவினார்.

கடைசி இரண்டு ஆண்டுகள்

2006 செப்டம்பரில் கணையப் புற்றுநோய் தெரியவந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட்டில் அது பரவிவிட்டது. மனைவியும் மூன்று சிறு குழந்தைகளும் இருந்தார்கள். அந்த உரையே, வளர்ந்த பிறகு தன் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்று விட்டுச்சென்றதுதான். 2008 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன், கணையப் புற்றுநோய் ஆய்வுக்கு அதிக நிதி கேட்டுப் பேசினார். அந்த ஆண்டு ஜூலை 25-ல் 47 வயதில் இறந்தார்.

கார்னகி மெலனில் இன்று கணினி அறிவியல் கட்டடத்தையும் கலைத்துறைக் கட்டடத்தையும் இணைக்கும் நடைபாலத்துக்கு அவர் பெயர்தான். ஆலிஸை இப்போதும் இலவசமாகவே டவுன்லோட் செய்யலாம்.