பாட்டன் செய்த பாவத்தைச் சுமந்த பேனா
அமெரிக்க நாவலாசிரியர் நதானியல் ஹாதார்ன் வாழ்க்கை

செய்த குற்றத்தை நெஞ்சுக்குள் பூட்டி வைத்தால் அது மனிதனை என்ன பாடு படுத்தும்? இதையே வாழ்நாள் முழுவதும் எழுதியவர் நதானியல் ஹாதார்ன். அந்த வேதனை அவருக்குப் பரம்பரையாக வந்த சொத்து.

அவர் பிறந்தது 1804-ம் ஆண்டு ஜூலை 4-ந் தேதி. ஊர் சேலம். நம் சேலம் அல்ல; அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாகாணத்துத் துறைமுகப் பட்டினம். அந்த ஊருக்கு ஒரு பழி உண்டு.

சூனியக்காரி வழக்கு

1692-ல் அங்கே சில சிறுமிகள் காரணம் தெரியாமல் கை கால் இழுத்துத் துடித்தார்கள். சூனியம் என்று ஊர் நம்பியது. 150-க்கு மேற்பட்டவர்கள் மீது குற்றம் சாட்டப்பட்டது. 19 பேர் தூக்கில் மாண்டார்கள். கிழவர் ஒருவர் கற்களை மேலே ஏற்றி நசுக்கிக் கொல்லப்பட்டார்.

விசாரணை நடத்தியவர்களில் ஒருவர் ஜான் ஹாதார்ன். நம் ஆசிரியருடைய கொள்ளுப்பாட்டனாரின் தந்தை!

வழக்கில் தீர்ப்பளித்த சாமுவேல் சீவால் என்ற நீதிபதி 1697-ல் போஸ்டன் மாதா கோயிலில் சபையோர் முன்னே எழுந்து நின்றார். அவருடைய மன்னிப்புக் கடிதத்தைப் பாதிரியார் படித்தார். ஜான் ஹாதார்ன் அப்படி வருந்தியதாக எந்த ஏடும் கூறவில்லை.

நாலு தலைமுறைக்குப் பின் வந்த நதானியலை அந்த மௌனம் உறுத்தியது. வாலிபத்தில் தம் பெயரின் நடுவே ஓர் ஆங்கில எழுத்தைக் கூட்டிக் கொண்டார். நீதிபதியின் பெயரிலிருந்து விலகி நிற்கவே அப்படிச் செய்தார் என்பது பலர் கருத்து.

கருப்புத் துணி

கப்பல் தலைவரான தந்தை 1808-ல் தூர தேசத்தில் காய்ச்சலில் இறந்தார். கல்லூரிப் படிப்பு முடிந்ததும் நதானியல் தாயார் வீட்டு அறையில் பன்னிரண்டு ஆண்டுகள் அடைந்து கிடந்து எழுதினார். 1828-ல் பெயர் போடாமல் வெளியிட்ட முதல் நாவல் பிடிக்காமல் போகவே, கிடைத்த பிரதிகளை எல்லாம் கொளுத்தினார்.

1836-ல் வந்த ஒரு கதையில், பாதிரியார் ஒருவர் முகத்தைக் கருப்புத் துணியால் மூடிக் கொண்டு சாகும் வரை எடுக்க மறுக்கிறார். அந்தத் துணி, ஒவ்வொருவரும் மறைத்து வைக்கும் பாவத்தின் அடையாளம்.

மேஜைக்குள் கிடந்த நாவல்

1846-ல் சேலம் சுங்க இலாகாவில் உத்தியோகம் கிடைத்தது. 1849-ல் ஆட்சி மாறியதும் அது பறி போயிற்று. அடுத்த மாதமே தாயார் கண் மூடினார். மனைவி சோபியா வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்த பணம் அப்போது கை கொடுத்ததாகச் சொல்வார்கள். அந்தத் துயரத்தில் எழுத உட்கார்ந்தார்.

பதிப்பாளர் ஃபீல்ட்ஸ் வந்து கேட்டபோது, எழுதியது எதுவும் இல்லை என்று சாதித்தார். அவர் படியிறங்கியதும் பின்னாலேயே ஓடிப் போய்க் கையெழுத்துப் பிரதியைத் திணித்தார். ரகசியத்தைப் பற்றிய அந்த நாவலே ரகசியமாகத்தான் இருந்தது!

அதுவே 1850-ல் வெளிவந்த ‘சிவப்பு எழுத்து’. கணவன் அருகில் இல்லாத காலத்தில் ஹெஸ்டர் குழந்தை பெறுகிறாள். தண்டனையாக மார்பில் சிவப்பு எழுத்தை அணிந்து ஊரார் முன் நிற்கிறாள். குழந்தைக்குத் தந்தை, ஊரே கும்பிடும் பாதிரியார் டிம்ஸ்டேல். அவர் வாய் திறக்கவில்லை. ஏழு ஆண்டுகள் கழிகின்றன. பழியை வெளியே சுமந்த பெண் தையல் வேலை செய்து, ஏழைகளுக்கு உதவி, நிமிர்ந்து வாழ்கிறாள். உள்ளே மறைத்தவர் உருக்குலைகிறார். கடைசியில் எல்லோர் முன்பும் உண்மையைச் சொல்லிவிட்டு உயிர் விடுகிறார்.

முடிவைப் படிக்கக் கேட்ட சோபியா துயரம் தாங்காமல் தலைவலியோடு படுக்கைக்குப் போனார். பத்தே நாளில் 2,500 பிரதிகள் விற்றன.

முன்னோருக்காக

அந்நூலின் முன்னுரையில் மூதாதையர் செய்த கொடுமையை ஹாதார்ன் மறைக்காமல் எழுதினார். அந்த வெட்கத்தைத் தாமே ஏற்று, குடும்பத்தின் மீது சாபம் இருந்தால் அது நீங்கட்டும் என்று வேண்டினார். நீதிபதி செய்யாததைப் பேரன் செய்தார்.

1853 முதல் இங்கிலாந்தில் லிவர்பூல் நகரில் அமெரிக்கக் கான்ஸலாக இருந்தார். 1864 மே மாதம், முன்னாள் ஜனாதிபதியும் கல்லூரி நண்பருமான பியர்ஸுடன் பிரயாணம் செய்கையில் தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது. வயது 59.

சூனிய வழக்கில் தண்டனை பெற்றவர்களில் கடைசிப் பெண்ணைக் குற்றமற்றவர் என்று மாசசூசெட்ஸ் சட்டசபை அறிவித்தது 2022-ல். இடையில் கழிந்தவை 330 ஆண்டுகள்.