கால்பந்து வீராங்கனை லிலி பார்

கால்பந்தாட்டத்தில் கார்னர் கிக் என்பது பார்ப்பவர்களுக்கு எளிய காரியமாகத் தோன்றும். பந்து அசையாமல் கிடக்கிறது. தடுப்பவர் எவரும் அருகில் இல்லை. உதைக்க வேண்டியதுதானே என்போம். உதைத்துப் பார்த்த தோழியருக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும்! பாதி வேளை பந்து தரையிலே உருண்டு, எதிரணியின் முதல் ஆள் காலில் முட்டி நின்றுவிடும். இக்கலையில் ஆண்களும் வியக்கும்படி பெயர் பெற்றவர், இங்கிலாந்து நாட்டின் லிலி பார் என்னும் பெண்மணி.

லங்காஷயர் பகுதியிலுள்ள செயின்ட் ஹெலன்ஸ் என்னும் ஊரில் 1905-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள் லிலி பிறந்தார். தந்தை கண்ணாடித் தொழிற்சாலையில் கூலியாள். வீட்டில் ஏழு பிள்ளைகள். சகோதரர்களோடு வெட்டவெளியில் கால்பந்தும் ரக்பியும் ஆடியே லிலியின் கால்கள் உரம் பெற்றன. வளர்ந்தபோது ஏறக்குறைய ஆறடி உயரம்!

அது முதல் உலகப் போர்க்காலம். ஆண்கள் போர்முனைக்குச் செல்ல, பெண்கள் தொழிற்சாலைகளை நடத்தினர். பிரஸ்டன் நகரில் டிக் கெர் தொழிற்சாலைப் பெண்கள் 1917-இல் ஓர் அணி அமைத்து, காயமுற்ற வீரர்களுக்காக நிதி திரட்ட ஆடினர். செயின்ட் ஹெலன்ஸ் பெண்கள் அணியில் ஆடிய லிலியின் திறமையைக் கண்டு, அவருக்கு வேலையும் தங்க இடமும் தந்து அழைத்துக்கொண்டனர். ஆட்டத்துக்குப் பத்து ஷில்லிங் செலவுப் பணம். அத்துடன் சிகரெட்டும் கேட்டு வாங்குவாராம். அந்தப் பழக்கத்தை மட்டும் நாம் பின்பற்ற வேண்டாம்!

லிலி இடது ஓரத்தில் ஆடுபவர். உதைப்பதும் இடது காலால். இடது மூலையிலிருந்து இடது காலால் உட்புறமாக வெட்டி உதைத்தால், பந்து கோல் காப்பாளரை விட்டு விலகி வளைந்து, ஓடிவரும் தம் அணியினரை நோக்கி வரும். வலது காலால் அதேபோல் உதைத்தாலோ கோலை நோக்கி உள்ளே வளையும். அக்காலப் பந்து தடித்த தோலால் ஆனது. மழையில் நீரை உறிஞ்சிக் கல்லாய்க் கனக்கும். அதன் வாயை இறுக்கிய வார் நெற்றியில் பட்டால் உயிர் போகும். அத்தகைய பந்தையும் கோல் வாயில் வரை உயரத் தூக்கிக் கொடுத்தார் லிலி. 1924 வரை கார்னர் கிக் நேரே கோலுக்குள் புகுந்தாலும் கணக்கில்லை. இன்னொருவர் தொட்டாக வேண்டும். ஆகவே வலிமை மட்டும் போதாது. தோழியின் தலைக்கோ காலுக்கோ குறி தவறாமல் பந்து சேர வேண்டும்.

1920 டிசம்பர் 26-இல் லிவர்பூல் நகரின் குடிசன் பார்க் மைதானத்தில், செயின்ட் ஹெலன்ஸ் அணியை டிக் கெர் அணி 4-0 என வென்றது. கண்டு களித்தோர் 53,000 பேர். இடமின்றித் திரும்பியோர் பல்லாயிரம். அதற்கு ஓராண்டு கழியுமுன், 1921 டிசம்பர் 5-ஆம் நாள், இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன் கிளப்புகளின் மைதானங்களைப் பெண்களுக்கு மூடியது. கால்பந்து பெண்களுக்கு ஏற்றதன்று என்பது ஒரு காரணம். தருமத்துக்குத் திரட்டிய பணம் முழுவதும் அதற்கே போய்ச் சேரவில்லை என்பது மற்றொரு குற்றச்சாட்டு. கூட்டம் பெருகியதைக் கண்ட பொறாமைதான் உண்மைக் காரணமோ என்று நமக்குத் தோன்றாமலில்லை.

லிலி ஆட்டத்தை விடவில்லை. 1922-இல் அணியோடு அமெரிக்கா சென்று ஆண்கள் அணிகளுடனேயே மோதினார். பின்னர் விட்டிங்ஹாம் மனநல மருத்துவமனையில் செவிலியானார். பகலிரவு முறை வேலைக்கிடையிலும் கிடைத்த திடல்களில் ஆடி, 1951-இல்தான் ஓய்ந்தார். அவர் போட்ட கோல்கள் 900-க்கும் மேல் என்பர்.

அந்தத் தடை 1971-இல் முற்றிலும் நீங்கியபோது லிலி அறுபது வயதைத் தாண்டியிருந்தார். 1978 மே 24-இல் புற்றுநோயால் காலமானார். 2002-இல் இங்கிலாந்துக் கால்பந்துப் புகழ் மன்றத்தில் இடம்பெற்ற முதல் பெண் அவரே. தடைக்காகச் சங்கம் 2008-இல் மன்னிப்புக் கேட்டது. 2019-இல் மான்செஸ்டர் நகரின் தேசியக் கால்பந்து அருங்காட்சியகத்தில் அவருக்கு வெண்கலச் சிலை எழுந்தது.