ஸ்டான் லாரல் சரித்திரம்

ஹாஸ்ய நடிகர் ஒருவருடைய வாழ்க்கை வரலாற்றை நம் பத்திரிகையில் எழுதுவதால் யாது பயன் என்று பெரியோர்களுள் சிலர் வினவக்கூடும். புலவர்கள், வள்ளல்கள், கல்விச்சாலை கண்டோர் ஆகியோரின் சரித்திரங்களே இத்தகைய பக்கங்களில் இடம் பெறுவது வழக்கம். ஆயினும், பிறரைச் சிரிக்க வைப்பதற்காகவே ஆயுள் முழுவதும் உழைத்து, அவ்வுழைப்பின் பலனில் முதுமைக் காலத்தில் ஒரு காசும் தம் கைக்கு வாராதிருந்தும் மனம் கசந்து போகாத ஒருவரின் கதையை நம் இல்லங்களில் உள்ளோர் அறிவது தகும் என்றெண்ணி இதனை எழுதத் துணிந்தோம். பருத்தவரும் மெலிந்தவருமாக இருவர் வட்டத் தொப்பி அணிந்து திரையில் தோன்றி அல்லலுறும் பழைய படங்களைப் பார்த்துச் சிரியாதவர் அரியர். அவ்விருவருள் மெலிந்தவரே நம் கதாநாயகர்.

இவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஆர்தர் ஸ்டான்லி ஜெபர்ஸன் என்பது. இங்கிலாந்தின் வடபாகத்தில் அல்வர்ஸ்டன் என்னும் சிற்றூரில், தாயைப் பெற்ற பாட்டனார் இல்லத்தில், 1890-ம் வருஷம் ஜூன் மாதம் 16-ந் தேதி பிறந்தார். தந்தையார் நாடகம் எழுதுபவர், நடிப்பவர், நாடக சாலைகளை நடத்துபவர். தாயாரும் நடிகையே. ஆகவே குழந்தைக்கு மேடையின் வாசனை தொட்டிலிலேயே உண்டாயிற்று என்னலாம். பள்ளிப் படிப்பில் மனம் பற்றவில்லை. 1906-ல், பதினாறு வயதில், கிளாஸ்கோ நகரத்தில் பனாப்டிகான் என்னும் சிறு அரங்கில் தந்தையார் அறியாமல் முதன் முதலாக மேடை ஏறினார். அப்போது அவர் உடுத்தியிருந்தது தந்தையாருடைய உயர்ந்த கால்சட்டையை வெட்டிச் சிறிதாக்கியது என்றும், தலையில் வைத்திருந்தது தந்தையாருடைய பட்டுத் தொப்பி என்றும் பிற்காலத்தில் அவரே சொல்லி மகிழ்வதுண்டு. தற்செயலாக அங்கு வந்திருந்த தந்தையார் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். மகன் அடி விழும் என்று நடுங்கிக்கொண்டே எதிரே சென்று நிற்க, அவரோ மகனுடைய ஆசை மெய்யானது என்று கண்டு, தொழிலில் புகுவதற்கு அனுமதி தந்தார். அறுந்த கால்சட்டையைப் பொறுத்த அத் தந்தையை நாம் மறத்தல் கூடாது.

பின்னர் ஸ்டான், பிரெட் கார்னோ என்பவருடைய பிரஸித்தி பெற்ற ஹாஸ்ய நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். அக் கம்பெனியின் முதன்மை நடிகர் யார் எனில், உலகம் போற்றும் சார்லி சாப்ளினே. ஸ்டான் அவருக்கு மாற்று நடிகர். அஃதாவது சாப்ளினுக்கு உடல்நலம் இல்லாவிடில் மேடை ஏற வேண்டியவர். 1910-ல் இருவரும் ஒரே கப்பலில் அமெரிக்கா சென்றனர். அங்கே ஒரே அறையில் தங்கினர். விடுதிகளில் அறைக்குள் சமையல் செய்தல் கூடாது என்பது விதி. கையிலோ பணம் குறைவு. ஸ்டான் விளக்குக்கான வாயுச் சுடரின் மேல் இறைச்சியை வறுக்க, அவ்வோசை வெளியே கேளாவண்ணம் சாப்ளின் பிடில் வாசிப்பாராம்! சில ஆண்டுகளில் சாப்ளின் சினிமாவிற் புகுந்து பெரும் புகழ் எய்தினார். 1964-ல் அவர் வெளியிட்ட சுயசரிதத்தில் இந்தப் பழைய தோழரின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. ஸ்டானோ இறுதி வரையில் சாப்ளினே தம் தொழிலில் தலைசிறந்தவர் என்று எவரிடமும் கூறி வந்தார்.

சாப்ளின் நீங்கியபின் கம்பெனி கலைந்தது. ஸ்டான் அமெரிக்காவிலேயே தங்கி, ஊர் ஊராகச் சென்று சிறு நாடகங்கள் நடத்தினார். ஜெபர்ஸன் என்பதை விடுத்து லாரல் என்று பெயர் வைத்துக்கொண்டதும் அக் காலத்தில்தான். ஸ்டான் ஜெபர்ஸன் என்பது ஆங்கிலத்தில் பதின்மூன்று எழுத்து. அவ்வெண் ஆகாது என்ற அச்சமே காரணம் என்பர். மூட நம்பிக்கை நம் நாட்டிற்கே உரியதன்று போலும்.

1917 முதல் பேசாப் படங்களில் நடித்தார். ஆனால் பெயர் பரவவில்லை. ஹால் ரோச் என்பவருடைய ஸ்டூடியோவில் அமர்ந்து, இனி நடிப்பு வேண்டாம், கதை எழுதுவதும் டைரக்ட் செய்வதுமே தமக்கு ஏற்றது என்று முடிவு செய்துவிட்டார். இத் தீர்மானத்தை மாற்றியது ஓர் ஆட்டுத்தொடை என்றால் நேயர்கள் வியப்புறுவர். 1926-ல், அதே ஸ்டூடியோவில் நடித்து வந்த ஆலிவர் ஹார்டி என்பவர் தம் வீட்டில் ஆட்டுத்தொடை சமைக்கும்போது கையைச் சுட்டுக்கொண்டார். அவர் நடிக்க வேண்டிய வேஷத்தை ஏற்க ஆள் இன்மையால் ஸ்டான் மீண்டும் காமிராவின் முன் நிற்க நேர்ந்தது. அடுத்த ஆண்டில் இருவரையும் ஜோடியாகச் சேர்த்தனர். இந்த ஜோடிப் பொருத்தத்தை முதலில் உணர்ந்து வளர்த்தவர் லியோ மெக்கேரி என்னும் டைரக்டர்.

ஹார்டி அமெரிக்காவின் தென் பகுதியாகிய ஜார்ஜியாவில் 1892-ல் பிறந்தவர். பருத்த உடலினர், இனிய குரலினர், நடையில் நளினம் மிக்கவர். இருவர் குணங்களும் வேறு. படப்பிடிப்பு முடிந்ததும் ஹார்டி கோல்ப் ஆடப் போய்விடுவார். ஸ்டானோ கதை புனைதல், வேடிக்கைகளை யோசித்தல், படத்தை வெட்டி ஒட்டுதல் ஆகிய அனைத்தையும் இரவு வரையில் கவனிப்பார். ஆகையால் ஸ்டானுக்குச் சம்பளம் ஹார்டியைப்போல் இரு மடங்கு. இஃது ஹார்டிக்கும் தெரியும். தெரிந்தும், அவ்வளவு உழைப்பவருக்கு அது நியாயமே என்று ஒப்பினாரேயன்றி ஒரு நாளும் முகம் சுளித்தாரில்லை. கூட்டு வியாபாரம் செய்து, லாபம் பிரிக்கும் நாளில் மனஸ்தாபம் கொண்டு பிரிந்த சகோதரர்களை நாம் அறிவோம். அதனால் இச் செய்தியை இரண்டு முறை படிக்கலாம். முதலாளியோ இருவருடைய ஒப்பந்தங்களும் வெவ்வேறு காலத்தில் முடியுமாறு அமைத்து, அவர்கள் சேர்ந்து நின்று பேரம் பேச இயலாதபடி செய்திருந்தார்.

ஸ்டானின் வேஷம் எளிதாகத் தோன்றும். ஆயின் ஒவ்வொன்றும் யோசித்துச் செய்தது. காலணிகளின் குதியை எடுத்துவிட்டதனால் அந்தத் தட்டை நடை வந்தது. கைதி வேஷத்திற்காக மழித்த தலையில் மயிர் முளைத்துச் செங்குத்தாக நிற்க, அதைக் கண்டு ஸ்டூடியோவில் உள்ளோர் சிரித்தனர். உடனே அதையே நிலையான கோலமாக்கிக் கொண்டார். 1929-ல் பேசும் படம் வந்தபோது பேசா நடிகர் பலர் ஒளியிழந்தனர். இவ்விருவரோ குரலாலும் வென்றனர். பிற தேசத்தாருக்காக ஒரே படத்தை ஸ்பானிஷ், பிரெஞ்சு முதலிய பாஷைகளிலும் நடித்தனர். அப் பாஷைகள் இவர்களுக்குத் தெரியா. ஒலிப்பை ஆங்கில எழுத்தில் கரும்பலகையில் எழுதிக் காமிராவுக்கு அப்பால் வைத்துப் படித்தனர்.

1932-ல் வெளிவந்த 'மியூசிக் பாக்ஸ்' என்னும் சிறு படமே இவர்களுடைய படங்களுள் மணிமகுடம் என்பது எம் துணிபு. பியானோ ஒன்றை ஒரு வீட்டில் சேர்ப்பிக்க வேண்டும். வீடோ குன்றின் மேல். செங்குத்தான படிக்கட்டு. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் உள்ள அப் படிகளின் எண்ணிக்கை 133. பெட்டி ஏறுவதும், கைநழுவி உருண்டு வீதிக்கே மீள்வதுமாக நேரம் கழிகிறது. ஒருவாறு உச்சியை அடைந்தபின், பின்புறத்தில் வண்டி வரும் பாதை இருக்கிறதே என்று தபால்காரர் சொல்லுகிறார். கேட்டவர்கள் என்ன செய்தனர்? பெட்டியை மீண்டும் கீழே இறக்கி, வண்டியில் ஏற்றி, அப் பாதை வழியே கொணர்ந்தனர்! சிறு ஹாஸ்யப் படத்திற்கான ஆஸ்கார் பரிசு இதற்குக் கிடைத்தது.

இல்வாழ்க்கையில் ஸ்டான் பாக்கியசாலி அல்லர். 1930-ல் பிறந்த ஆண் குழந்தை ஒன்பது நாளில் மாண்டது. மணங்கள் பல, முறிவுகளும் பல, ஒரே மாதை இருமுறை மணந்ததும் உண்டு. குடிப்பழக்கமும் சில காலம் பற்றியிருந்தது. இவற்றை மறைப்பது சரித்திரம் எழுதுவோர்க்கு அழகன்று. 1946-ல் ஐடா என்னும் ருஷ்ய மாதை மணந்தபின் அமைதி பெற்றார்; அவ்வம்மையார் இறுதி வரையில் உடனிருந்து பேணினார்.

1940-ல் இருவரும் ரோச் ஸ்டூடியோவை விட்டு நீங்கினர். அதன்பின் பெரிய கம்பெனிகளில் நடித்த எட்டுப் படங்களில் ஸ்டானுக்குக் கதையிலோ வெட்டி ஒட்டுவதிலோ அதிகாரம் தரப்படவில்லை. கொடுத்ததைப் படித்து நடிக்கும் கூலியாக அவரை வைத்தனர். படங்கள் சுவை குன்றின. மனம் நொந்த இருவரும் இங்கிலாந்தின் நாடக மேடைகளுக்குச் சென்றனர். 1953-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் இவர்கள் ஏறிய கப்பல் அயர்லாந்தில் கோவ் துறைமுகத்தை அடைந்தபோது, கரையில் ஜனத்திரள் கூடி நின்றது. மாதா கோயில் மணிகள், இவர்கள் படங்களின் தொடக்கத்தில் வரும் குயிற்பாட்டு மெட்டை ஒலித்தன. தங்களை உலகம் மறந்துவிட்டது என்றெண்ணியிருந்த இரு முதியவரும் கண்ணீர் உகுத்தனர்.

1956-ல் ஹார்டியைப் பக்கவாதம் தாக்கியது, பேச்சு நின்றது. அதற்கு முந்திய ஆண்டே ஸ்டானும் அந் நோயால் தாக்குண்டிருந்தார். நண்பரைக் காணச் சென்றால் சைகையாலேயே இருவரும் அளவளாவுவர். பேசாப் படத்தில் பழகியவர்கள் அல்லவா! 1957 ஆகஸ்ட் 7-ந் தேதி ஹார்டி காலமானார். வைத்தியர் தடுத்தமையால் ஈமச் சடங்கிற்குச் செல்லவும் ஸ்டானால் இயலவில்லை. அன்று முதல் எவர் அழைத்தும் அவர் நடிக்க உடன்படவில்லை. ஆயினும் தம் இருவருக்குமான புதிய வேடிக்கைகளை மட்டும், துணைவர் உயிரோடிருப்பது போலவே, எழுதிக்கொண்டிருந்தார்.

அவருடைய கடைசி ஆண்டுகள் ஸான்டா மோனிகாவில் கடலைப் பார்த்த ஒரு சிறு குடியிருப்பில் கழிந்தன. பழைய படங்கள் டெலிவிஷனில் ஓயாமல் காட்டப்பட்டன. அவற்றால் அவருக்கு வருமானம் யாதும் இல்லை. விளம்பரத்திற்கு இடம் செய்யக் கண்டபடி வெட்டியதே அவரை வருத்தியது. கூலியின்றித் தாமே வெட்டித் தருவதாக முன்வந்தும் ஏற்பார் இல்லை. அவருடைய டெலிபோன் எண் எல்லோரும் பார்க்கும் புத்தகத்திலேயே அச்சாகியிருந்தது. முன்பின் அறியாத இளைஞர் அழைத்தால் வீட்டிற்கு வரச் சொல்வார். வந்த கடிதங்களுக்கெல்லாம் தம் கையால் தட்டச்சு செய்து மறுமொழி அனுப்புவார். 1961-ல் ஆஸ்கார் கௌரவப் பரிசு அளித்தபோது உடல்நலமின்மையால் செல்லவில்லை. டானி கே என்பவர் அவர் பொருட்டுப் பெற்றுக்கொண்டார்.

கடிதம் எழுதியோரும் கண்டு சென்றோருமாகிய அன்பர்கள் ஒரு சங்கம் அமைக்க விரும்பினர். ஜான் மெக்கேப் என்னும் ஆசிரியர் முன்னின்றார். 1933-ல் வந்த 'ஸன்ஸ் ஆப் தி டெஸர்ட்' என்ற படத்தின் பெயரையே சூட்டினர். அப் படத்தில் இருவரும் ஒரு சங்கத்தின் அங்கத்தினர்கள். மகாநாட்டிற்குப் போக மனைவியர் விடமாட்டார்கள் என்று பொய் சொல்லிப் போய் அகப்பட்டுக்கொள்கிறார்கள். நம் அங்கத்தினர்களுள் எவருக்கும் இவ்வநுபவம் இராது என்று நம்புகிறோம். இச் சங்கத்தின் விதிகளைப் படிப்பவர் சிரியாதிரார். நிர்வாகிகளுக்கு யாதொரு அதிகாரமும் இல்லை என்பதே அவற்றுள் முக்கியமானது. இவ்விதிகளை ஸ்டானே பார்த்து அங்கீகரித்தார். கேலியோடு கலந்த கண்ணியம் சங்கத்தில் இருக்க வேண்டுமென விரும்பினார். ஆயின் சங்கம் நன்கு நடைபெறுவதைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1965 பிப்ரவரி 23-ந் தேதி மாரடைப்பால் உயிர் நீத்தார்.

சங்கத்தின் கிளைகளுக்குக் கூடாரங்கள் என்று பெயர். ஒவ்வொரு கூடாரமும் அவ்விருவர் நடித்த படமொன்றின் பெயரைத் தாங்கும். அன்பர்கள் கூடிச் சிவந்த குல்லா அணிந்து, பழைய படங்களைப் பார்த்துச் சிரிப்பர். காணாமற்போன படங்களைத் தேடுவதும் அவர்கள் ஆர்வம். 1927-ல் எடுத்த 'பாட்டில் ஆப் தி ஸெஞ்சுரி' என்ற படத்தில் சுமார் 3,000 பணியாரங்களை ஒருவர்மேல் ஒருவர் எறிந்துகொள்ளும் காட்சி உண்டு. அதன் இரண்டாம் சுருள் முழுமையாக இல்லை என்று பல்லாண்டுகள் வருந்தினர். 2015-ல் ஒரு பழைய சேகரிப்பினிடையே அச் சுருள் வெளிப்பட்டது. அதே ஆண்டில் எடுத்த 'ஹாட்ஸ் ஆப்' என்னும் படமோ இன்னும் அகப்படவில்லை. 'மியூசிக் பாக்ஸ்' படத்தில் பியானோ ஏறிய அதே படிகளில், அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே இருவரும் துணி துவைக்கும் யந்திரம் ஒன்றைச் சுமந்து ஏறிய படம் அது. பழைய வீட்டுப் பரண்களிலும் பிறநாட்டுப் படக் கிடங்குகளிலும் அதனை இன்றும் தேடி வருகின்றனர்.