குஞ்ஞாலி மரைக்காயர்

பரங்கியரின் அனுமதிச் சீட்டில்லாத வணிகக் கப்பல்கள் கொள்ளைபோன காலத்தில், கோழிக்கோட்டுச் சாமூதிரி மன்னரின் கடற்படைத் தலைவர்களாய் அவர்களை எதிர்த்தவர்கள் குஞ்ஞாலி மரைக்காயர்கள். நாம் சொல்ல வந்தது நான்காமவரான முஹம்மது அலி மரைக்காயரைப் பற்றி.

அவரது செல்வாக்குக்கு அஞ்சிய மன்னர் பரங்கியருடன் கூடினார். மன்னரின் யானை வாலை இவர் அறுத்தாராம்! நமக்கு அது நம்பும்படியாக இல்லை.

1599இல் கோட்டக்கல் கோட்டையைத் தாக்கிய பரங்கியர் தோற்றோடினர். 1600இல் தரையில் மன்னர் படையும் கடலில் மெண்டோன்சாவின் கப்பல்களும் சூழ்ந்தன. உயிருக்குத் தீங்கில்லை என்ற மன்னர் வாக்கை நம்பிச் சரணடைந்தவரைப் பரங்கியர் கோவாவில் தலை வெட்டிக் கொன்றனர்.

அதே மெண்டோன்சாதான் 1606இல், செலாயாங்கிலிருந்து நாம் அரை நாளில் போய்வரும் மலாக்காவை டச்சுக்காரரிடமிருந்து காத்தவன். சாமூதிரிக்கோ அப்படியொரு கடற்படை பின்னர் வாய்க்கவேயில்லை.