மால்குடி தந்த ஆர்.கே.நாராயண்

நான் எழுத எடுத்துக்கொண்டவர் எழுத்தாளர் ஆர்.கே.நாராயண்.

இவர் 10.10.1906 அன்று சென்னையில் பிறந்தார். புரசைவாக்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்தார். ஒரு மயிலும் ஒரு குரங்கும்தான் சின்ன வயசில் இவருக்குக் கூட்டாளிகள். அப்பா மைசூரில் தலைமையாசிரியர். ஆனாலும் மகன் கல்லூரி நுழைவுத் தேர்வில் தோற்றார். அந்த ஒரு வருஷம் சும்மா இருக்கவில்லை, வீட்டில் இருந்தே புத்தகங்களாகப் படித்துத் தள்ளினார். பிறகு பி.ஏ. முடித்தார்.

1930 விஜயதசமி அன்று, பாட்டி குறித்துக் கொடுத்த நல்ல நாளில் எழுத உட்கார்ந்தார். முதலில் மனசில் வந்தது ஒரு ரயில்வே ஸ்டேஷன். அதன் பேர் மால்குடி. அப்படி ஒரு ஊர் எங்கேயும் கிடையாது! ஆனால் சரயு ஆறு, மேம்பி மலை, கபீர் தெரு, ஆல்பர்ட் மிஷன் பள்ளி எல்லாம் அங்கே உண்டு.

அந்த ஊர்ப் பையன் சுவாமிநாதனின் கதையைப் பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. வெறுத்துப்போய், இங்கிலாந்தில் இருந்த நண்பரிடம் அதைக் கல்லைக் கட்டி தேம்ஸ் ஆற்றில் போடச் சொன்னார். நண்பர் போடவில்லை. எழுத்தாளர் கிரகாம் கிரீனிடம் கொடுத்தார். 1935-இல் 'சுவாமி அண்ட் ஃபிரண்ட்ஸ்' நூலாக வந்தது.

1939-இல் மனைவி ராஜம் டைபாய்டு காய்ச்சலில் இறந்தார். சின்ன மகளோடு தனியானார். எழுதவே முடியவில்லை. மெல்ல மீண்டு, அந்தத் துக்கத்தையே 1945-இல் 'தி இங்கிலீஷ் டீச்சர்' நாவலாக எழுதினார். 'தி கைடு' நாவலுக்கு 1960-இல் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது.

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இதுதான். ஜேம்ஸ் ஃபென்னெல்லி என்ற அமெரிக்க அறிஞர் கதைகளைப் படித்தே மால்குடிக்கு ஒரு வரைபடம் தயாரித்தார். ஆறு எந்தப் பக்கம், தெரு எந்தப் பக்கம் என்று எல்லாம் அதில் உண்டு. கதைக்குப் படம் போட்டவர் தம்பி ஆர்.கே.லட்சுமண். நிஜ ஊரான மைசூருக்கும் நாராயண் சுற்றுலா நூல் எழுதியிருக்கிறார்.

1986-இல் மாநிலங்களவை நியமன உறுப்பினர் ஆனார். அங்கே பேசிய முதல் பேச்சே நம்மைப் பற்றித்தான், பிள்ளைகள் சுமக்கும் புத்தகப் பையின் கனம் பற்றி! 13.5.2001 அன்று சென்னையில் மறைந்தார்.

தோழிகளே, தோழர்களே, மால்குடியில் அதிசயம் ஒண்ணும் இல்லை. கடை, பள்ளிக்கூடம், பரீட்சை பயம், நம்மைப் போன்ற ஜனங்கள், அவ்வளவுதான். நம்ம சாணார்பட்டிக்கும் சிறுமலை இருக்கு, நத்தம் ரோடு இருக்கு, ஆயிரம் கதை இருக்கு. நாம்தான் உட்கார்ந்து எழுதணும்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி