இருபது பவுண் தாளில் அச்சிடப்படாத பாதி

2010இல் லண்டனிலிருந்து வந்த சித்தப்பா, திரும்பிப் போகிற அன்று அம்மாவின் கையில் ஓர் இருபது பவுண் தாளை வைத்துவிட்டுப் போனார். வங்கியில் கொடுத்து மாற்றுவதற்கு முன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு பக்கம் மகாராணி. மறுபக்கம் பொய்முடி அணிந்த ஒருவரின் முகம், அருகில் சிலர் வேலை செய்யும் ஒரு பட்டறை. உயர்தரத்தில் பொருளியல் படித்ததால் ஆளைத் தெரிந்தது. அடம் ஸ்மித். அது குண்டூசி செய்யும் பட்டறை. வேலையைப் பிரித்துச் செய்தால் உற்பத்தி மிகவும் பெருகும் என்ற கருத்தில் ஒரு வரியும் அதில் இருந்தது.

2007 முதல் 2022 வரை அந்தத் தாள் புழக்கத்தில் இருந்தது. போருக்குப் பிறகு எங்கள் வீடுகள் பலவற்றில் அதன் ரூபாய்ப் பெறுமதியில்தான் உலை கொதித்தது. ஆனால் ஸ்மித் சொன்னதில் பாதிதான் அதில் அச்சாகியிருக்கிறது என்பதை நான் அறிந்துகொள்ளப் பல வருடங்கள் ஆகின.

ஸ்மித் 1723இல் ஸ்கொட்லாந்தின் கிர்கோல்டி என்ற சிறிய துறைமுகப் பட்டினத்தில் பிறந்தார். சுங்க அதிகாரியாக இருந்த தகப்பன் அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே இறந்துவிட்டார். தகப்பன் முகம் காணாத பிள்ளையைத் தாய் மார்கரெட் டக்ளஸ் வளர்த்தார். ஸ்மித் திருமணம் செய்யவில்லை. தாய் 1784இல் இறக்கும்வரை அவரையே தன் வீட்டின் மையமாக வைத்து வாழ்ந்தார்.

பதினான்கு வயதில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துக்குப் போனார். பிறகு ஆறு வருடம் ஒக்ஸ்போட்டில் படித்தார். அங்கே பேராசிரியர்கள் பலர் கற்பிப்பதுபோல் பாசாங்கு செய்வதைக்கூட விட்டுவிட்டார்கள் என்று பின்னாளில் எழுதினார். 1751இல் கிளாஸ்கோவிலேயே பேராசிரியரானார். 1764இல் அந்தப் பதவியை விட்டு, ஓர் இளம் பிரபுவின் ஆசிரியராகப் பிரான்சுக்குப் போனார். திரும்பி வந்து, தாயின் வீட்டில் பல வருடம் இருந்து எழுதிய நூல்தான் நாடுகளின் செல்வம். 1776 மார்ச் 9ஆம் திகதி அது லண்டனில் வெளியானது.

அதன் முதல் அத்தியாயமே குண்டூசியில்தான் தொடங்குகிறது. கம்பியை இழுப்பவர் ஒருவர், நிமிர்த்துபவர் ஒருவர், வெட்டுபவர் ஒருவர், முனை தீட்டுபவர் இன்னொருவர். இப்படி ஏறத்தாழ 18 படிகள். பத்துப் பேர் மட்டும் இருந்த ஒரு சிறிய பட்டறையை ஸ்மித் பார்த்திருந்தார். அவர்கள் ஒரு நாளில் 48,000 குண்டூசிகள் செய்யக்கூடியவர்கள். ஆளுக்கு 4,800. பழக்கமில்லாத ஒருவர் தனித்து எல்லாவற்றையும் செய்தால் நாளுக்கு 20கூடத் தேறாது என்பது அவரது கணக்கு.

இதற்கு அவர் மூன்று காரணங்கள் சொன்னார். ஒரே வேலையைச் செய்யச் செய்யக் கை தேர்ச்சி பெறுகிறது. ஒரு வேலையை விட்டு இன்னொன்றுக்கு மாறும் நேரம் மிச்சமாகிறது. வேலை சிறியதாக இருப்பதால் அதை இலகுவாக்கும் கருவியும் மனதில் தோன்றுகிறது. ஆணி அடித்துப் பழகாத கொல்லரால் நாளுக்கு 200 அல்லது 300 ஆணிதான் அடிக்க முடியும். அதை மட்டுமே செய்துவந்த, இருபது வயதுகூட ஆகாத பையன்கள் 2,300க்கும் மேல் அடிப்பதை அவர் கண்டிருந்தார்.

இவ்வளவும்தான் பவுண் தாளில் உள்ள பாதி. மற்றப் பாதியில் இரண்டு எல்லைகள் இருக்கின்றன.

முதலாவது, சந்தை. வாங்க ஆள் இருக்கும் அளவுக்குத்தான் வேலையைப் பிரிக்க முடியும். நாளுக்கு ஆயிரம் ஆணி அடிப்பவர் வருடத்துக்கு மூன்று லட்சம் அடிப்பார். ஸ்கொட்லாந்தின் மலைநாட்டில் அவரால் ஒரு நாள் ஆணியைக்கூட வருடம் முழுவதும் வைத்து விற்க முடியாது. அங்கே ஒவ்வொரு குடியானவரும் தானே இறைச்சி வெட்டி, தானே பாண் சுட்டு வாழ வேண்டியிருந்தது.

இதை விளங்கிக்கொள்ள எனக்கு மலைநாடு தேவைப்படவில்லை. 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டபோது யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் ஒழுங்கையில் வெங்காயம் மட்டுமே செய்துவந்தவர் பாதித் தோட்டத்தில் மரவள்ளி நட்டார். தளபாடம் செய்த தச்சர் கோழி வளர்த்தார். அவர்கள் தொழிலை மறக்கவில்லை. பாதை மூடியதும் சந்தை சுருங்கியது, சந்தை சுருங்கியதும் ஆளாளுக்கு எல்லா வேலையும் செய்ய வேண்டியதாயிற்று.

இரண்டாவது எல்லை மனிதரின் மனம். அதே நூலின் கடைசிப் பகுதியில், முதல் அத்தியாயத்தை எழுதியவர்தானா இவர் என்று கேட்கத் தோன்றும் அளவுக்கு ஸ்மித் கடுமையாக எழுதுகிறார். வாழ்நாள் முழுவதும் ஓரிரு எளிய அசைவுகளையே செய்பவருக்குத் தன் அறிவைப் பாவிக்கச் சந்தர்ப்பம் கிடைப்பதில்லை. அதனால் சிந்திக்கும் பழக்கம் போகிறது, பேச்சு சுருங்குகிறது, தன் நாட்டைப் பற்றி முடிவெடுக்கும் திறனும் மங்குகிறது. அரசாங்கம் தலையிடாவிட்டால் உழைக்கும் மக்களில் பெரும்பகுதியினருக்கு இதுதான் நேரும் என்றார்.

இதை அவர்களின் பிறவிக் குறையாக அவர் பார்க்கவில்லை. தத்துவவாதிக்கும் தெருவில் சுமை தூக்குபவருக்கும் இடையிலுள்ள வித்தியாசம் இயற்கையைவிடப் பழக்கத்தாலும் கல்வியாலும் வந்தது என்பதும் அவர் எழுதியதுதான். ஆறு, எட்டு வயது வரை இருவருக்கும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது. எனவே அவர் சொன்ன பரிகாரம் பள்ளிக்கூடம். ஒவ்வோர் ஊரிலும் கூலித் தொழிலாளியும் கட்டக்கூடிய சிறு கட்டணத்தில் ஒரு பள்ளி, ஆசிரியரின் சம்பளத்தில் ஒரு பங்கு பொதுப்பணத்திலிருந்து. எழுத்தும் கணக்கும் மட்டும் போதாது, கேத்திரகணிதமும் பொறிமுறையும் தொடக்க அளவிலாவது கற்பிக்க வேண்டும் என்றார்.

1778இல் ஸ்மித் எடின்பரோவில் சுங்க ஆணையாளரானார். 1790 ஜூலை 17ஆம் திகதி அங்கேயே இறந்தார். இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன், வெளியிடாத கையெழுத்துப் பிரதிகளை நண்பர்களைக் கொண்டு எரிப்பித்தார். எரியாமல் மிஞ்சிய நூலிலேயே இரண்டு பாதியும் இருக்கின்றன. தாளில் அச்சிடும்போதுதான் ஒன்று விடுபட்டுப்போனது.

சில வருடங்களுக்கு முன் கிளிநொச்சிப் பக்கம் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஓர் அக்காவுடன் கதைத்தேன். இறுதிப் போரில் கணவரை இழந்தவர். ஆறு வருடமாகச் சட்டைக் கையின் ஓரத்தை மட்டும் தைக்கிறார். மாதச் சம்பளம் வந்த பிறகுதான் கடன் அடைந்தது, பிள்ளைகள் ரியூசனுக்குப் போகிறார்கள். அந்த வேலையை அவர் குறைவாகப் பேசவில்லை, நானும் பேசமாட்டேன். ஆனால் மகனின் பள்ளிச் சட்டையைத் தைக்க அவர் ரெயிலரிடம்தான் கொடுக்கிறார். முழுச் சட்டை வெட்டவோ கோர்க்கவோ அவருக்குத் தெரியாது. ஞாயிறு தையல் வகுப்புக்குப் போக விருப்பம் இருந்தும், வாரம் முழுக்க நின்ற அலுப்பும் வீட்டு வேலையும் விடவில்லை. கொரோனாக் காலத்தில் வெளிநாட்டு ஓடர்கள் நின்றபோது, அந்த ஓரத் தையலை வைத்துக்கொண்டு வெளியே ஒரு ரூபாய்கூட உழைக்க முடியவில்லை.

ஸ்மித் சொன்ன இரண்டு எல்லைகளும் அந்த ஒரு வாழ்க்கையிலேயே சந்திக்கின்றன. எங்கள் ஊருக்கு ஒரு தொழிற்சாலை வருகிறது என்றால் எத்தனை பேருக்கு வேலை என்று முதலில் கேட்கிறோம். அது நியாயமான கேள்வி. கூடவே இன்னொன்றையும் கேட்க வேண்டும். அங்கே ஐந்து வருடம் வேலை செய்த ஒருவர் வெளியே வரும்போது, அந்த ஒரு தையலைத் தவிர வேறு என்ன தெரிந்தவராக இருப்பார்?